வாசகர் கேள்வி – பதில்: ஒரே வீடு, இரண்டு தாய்கள்

கேள்வி (வாசகி, கும்பகோணம்): 1930களின் ஹாலிவுட் குடும்பப் படங்களை விரும்பிப் பார்க்கிறேன். கறுப்பினப் பெண்கள் எப்போதும் சமையலறையிலேயே நிற்கிறார்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்கிறான் என் மகன். அது சரிதானா?

பதில்: சரியில்லை, அம்மா. 1934இல் ஜான் ஸ்டால் இயக்கிய ‘இமிடேஷன் ஆஃப் லைஃப்’ படத்தை உங்கள் மகனோடு சேர்ந்து பாருங்கள். தனியாக மகளை வளர்க்கும் இரண்டு தாய்களின் கதை. ஒருவர் வெள்ளையரான பீ, நடித்தவர் க்ளாடெட் கோல்பர்ட். இன்னொருவர் அவர் வீட்டுக்கு வேலைக்கு வரும் டெலைலா, நடித்தவர் லூயிஸ் பீவர்ஸ். டெலைலாவின் கைப்பக்குவத்தில் உருவான பான்கேக்தான் கடையாகி, பிறகு மாவுப் பெட்டியாகி, பீயைப் பணக்காரியாக்குகிறது. பெட்டியில் சிரிப்பது டெலைலாவின் முகம். அவருக்குத் தர முன்வரும் பங்கு 20 சதவீதம். தனி வீடு வேண்டாம், உங்களையே கவனித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்று அதையும் அவரே மறுப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

நியூயார்க் மாளிகையில் ஒரு காட்சி வரும். இரவில் இருவரும் விடைபெறுகிறார்கள். பீ மாடிக்கு ஏறுகிறார், டெலைலா கீழ்த்தளத்துக்கு இறங்குகிறார். ஸ்டால் அதைத் தெரிந்தேதான் அப்படி எடுத்தார் என்று நான் நம்புகிறேன். வசனம் பேசத் துணியாததைப் படிக்கட்டு பேசிவிடுகிறது.

அந்தக் காலத்தில் இது யார் கண்ணையும் உறுத்தவில்லையா? உறுத்தியது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கறுப்பினக் கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், 1935இலேயே ‘ஆப்பர்ச்சூனிட்டி’ இதழில் இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தார். டெலைலா பழைய விசுவாச வேலைக்காரியின் அச்சுதான் என்றார். ஆகவே ‘காலம்’ என்று சொல்லும்போது யாருடைய காலம் என்று கேட்க வேண்டும். பிரவுனும் அதே காலத்து மனிதர்தான்.

என் மனத்தை மிகவும் வருத்துவது ஃப்ரெடி வாஷிங்டனின் கதை. தன்னை வெள்ளைக்காரி என்று காட்டிக்கொண்டு வாழ விரும்பும், டெலைலாவின் மகள் பியோலாவாக நடித்தவர். மழை நாளில் தாய் வகுப்பறை வாசலில் வந்து நிற்கும்போது கூனிக்குறுகும் சிறுமிதான் வளர்ந்து இவராகிறாள். நிஜ வாழ்க்கையில் ஃப்ரெடி நேர் எதிர். வெளிர் நிறத்தவராக இருந்தும் தன்னைக் கறுப்பினப் பெண் என்றே சொல்லிக்கொண்டார். 1933இல் கறுப்பின நடிகர் பால் ராப்சனுடன் நடித்தபோது, ராப்சன் ஒரு வெள்ளைக்காரியைத் தொடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று இவருக்குக் கருமை பூசினார்கள்! வெள்ளையர் வேடம் தரவும் ஆளில்லை, வேலைக்காரி வேடத்துக்கு நிறம் பொருந்தவுமில்லை. 1937க்குப் பிறகு அவர் திரையில் இல்லை. அதே ஆண்டு கறுப்பின நடிகர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பின்னாளில் ஹார்லெம் பத்திரிகை ஒன்றில் எழுதினார்.

ஹாலிவுட் வகுத்த விதிமுறையும் இதற்குக் காரணம். வெள்ளையர்–கறுப்பர் உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று 1930இன் தயாரிப்பு ஒழுங்கு விதியிலேயே எழுதிவைத்திருந்தார்கள். பியோலாவின் நிறமே அப்படியொரு உறவை உணர்த்துகிறது என்று, அந்த விதியை அமலாக்கிய ஜோசஃப் ப்ரீனின் தணிக்கை அலுவலகம் ஆட்சேபித்தது. நடிகைகளுக்குப் பஞ்சமில்லை, கதவுதான் பூட்டியிருந்தது.

கேள்வி (வாசகர், மதுரை): 1959இல் டக்ளஸ் சர்க் மறுபடி எடுத்த அதே கதை முன்னேற்றம்தானே?

பதில்: கண்ணீரில் முன்னேற்றம், கணக்கில் பின்னடைவு. லானா டர்னரின் நாயகி நடிகையாகிவிட்டதால் பான்கேக் வியாபாரமே கதையில் இல்லை. அந்த 20 சதவீதப் பேச்சும் போயிற்று. மகளாக நடித்த சூசன் கோனர் கறுப்பினத்தவர் அல்லர். அவருடைய தாய் மெக்சிகோ நடிகை லுபிடா டோவர். ஆனாலும் தாயாக நடித்த ஹுவானிட்டா மூரின் நடிப்புக்காகவும், இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் பாடும் பாட்டுக்காகவும் அவசியம் பாருங்கள். மூர், கோனர் இருவருமே ஆஸ்கர் துணை நடிகைப் பரிந்துரை பெற்றார்கள்.

கேள்வி (மாணவி, சேலம்): வேலைக்காரியாக அல்லாத கறுப்பினப் பெண்ணை அந்நாளில் யாருமே காட்டவில்லையா?

பதில்: ஹாலிவுட்டுக்கு வெளியே காட்டினார்கள். கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920இல் எடுத்த ‘விதின் அவர் கேட்ஸ்’ பாருங்கள். நாயகி ஓர் ஆசிரியை, பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்ட வடக்கே செல்கிறாள். காணாமல் போயிருந்த இந்த மௌனப்படத்தின் பிரதி ஸ்பெயினில் கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சீரமைத்திருக்கிறது.