கால் இஞ்சு பிட்டும் ஆறு மில்லிமீட்டர் துளையும்
வாங்கும் முன், வாங்கிய பின்: கேள்வி-பதில்

இந்த முறை பெரும்பாலான கடிதங்கள் ரூட்டர் பற்றியவை. இணையத்துக்கு வைக்கும் ரூட்டர் அல்ல. மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கவும், பலகை ஓரத்தை உருட்டவும், கதவுக்கு ரிபேட் (ஓரத்தில் படி போன்ற வெட்டு) வெட்டவும் பயன்படும் மின்கருவி. வீட்டிலேயே மரவேலை செய்கிறவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடியிருப்பது மகிழ்ச்சி. ஏமாந்தவர்களும் அதே அளவுக்குக் கூடியிருப்பதுதான் வருத்தம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தக்கலை: பேரப்பிள்ளைகளுக்கு ஸ்டூல், புத்தக அலமாரி, போட்டோ பிரேம் செய்ய ஆசை. முதல் ரூட்டர் எதை வாங்கலாம்? கடைக்காரர் 1800 வாட் பெரியதாகவே வாங்கச் சொல்கிறார்.

பெரியது வேண்டாம் சார். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு 500 முதல் 700 வாட் வரையுள்ள, ட்ரிம்மர் என்னும் சின்ன ரூட்டர் போதும். எடை இரண்டு கிலோவுக்குள் இருக்கும், ஒரு கையால் பிடித்து ஓட்டலாம். 1800 வாட் பிளஞ்ச் ரூட்டர் (மேலிருந்து அழுத்தி மரத்துக்குள் இறக்கும் வகை) ஐந்தாறு கிலோ இருக்கும். அயனி மரப் பலகையில் ஆழமான ரிபேட் எடுக்கவும், மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி ஓட்டவும் அது நல்லது. ஸ்டூல் செய்ய அது வேண்டியதில்லை.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாக வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை பிட் (மெஷினில் மாட்டும் வெட்டு முனை), கிளாம்ப் (பலகையை இறுக்கிப் பிடிப்பது), கண் கண்ணாடி, காது மூடி, முகக்கவசம் இவற்றுக்கு ஒதுக்குங்கள். முதலில் மூன்று பிட் போதும்: நேர் காடிக்கு 12 மில்லிமீட்டர் ஸ்ட்ரெயிட், ஓரம் உருட்ட 6 மில்லிமீட்டர் ரவுண்ட் ஓவர், ஓரத்தைச் சமமாக்க பேரிங் வைத்த ஃப்ளஷ் ட்ரிம்.

உளியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரூட்டர் பிட் உருண்டை என்பதால் உள்மூலை எப்போதும் வளைந்துதான் வரும். அதைச் சதுரமாக்க உளிதான் வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்து மரக்கூரையில் இருக்கும் பூக்கள் எல்லாம் உளியில் பிறந்தவை.

வாசகர், ஆரல்வாய்மொழி: ரூட்டர் பிட்டை ட்ரில் மெஷினில் மாட்டி ஓட்டலாமா?

கூடாது. ட்ரில்லின் வேகம் பிட்டுக்குப் போதாது, அதன் சக் (பிட்டைக் கவ்வும் பகுதி) பக்கவாட்டு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதும் அல்ல.

இளைஞர், மார்த்தாண்டம்: ட்ரிம்மரும் 12 பிட் கொண்ட பெட்டியும் ஒரே கடையில் வாங்கினேன். ஒரு பிட்கூட மெஷினுக்குள் போகவில்லை. கடையில் கேட்டால், "தண்டை எமரித்தாளில் தேய்த்தால் போகும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள் தம்பி. தேய்த்திருந்தால் அந்தப் பிட்டை இன்றே ஒதுக்கி வையுங்கள்.

பல வருடமாக என் மனதைக் குடையும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரூட்டரில் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்குக் காலெட் என்று பெயர். அதன் துளை அளவும் தண்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சின்ன ட்ரிம்மர்களுக்கு நம் சந்தையில் இரண்டு அளவு புழங்குகிறது: ஒன்று 6 மில்லிமீட்டர், இன்னொன்று கால் இஞ்சு. கால் இஞ்சு என்றால் 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களிடம் இருப்பது 6 மில்லிமீட்டர் காலெட், பெட்டியில் இருப்பது கால் இஞ்சு பிட். அதனால்தான் போகவில்லை.

உங்களுக்கு நுழையவில்லை என்பது ஒரு வகையில் நல்லதே. பெரிய ஆபத்து இதற்கு மறுபக்கத்தில் இருக்கிறது. கால் இஞ்சு காலெட்டில் 6 மில்லிமீட்டர் பிட்டை விட்டு நட்டை இறுக்கினால் இறுகியது போலவே இருக்கும். ஆனால் காலெட் தண்டைச் சுற்றிலும் முழுதாகக் கவ்வாது. ஓடும்போது பிட் மெல்ல இறங்கும், காடியின் ஆழம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிட் கழன்றே வந்துவிடும். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 500 சுற்று. அந்த வேகத்தில் ஒரு இரும்புத் துண்டு கழன்று வருவதை நினைத்துப் பாருங்கள். தண்டைக் கையால் தேய்த்தாலோ அது உருண்டையாக இராது, நடு மையம் விலகும். மெஷின் அதிரும், பேரிங் போகும், பிட் ஒடியும். எட்டு மில்லிமீட்டர் வாஷர் எது என்று கேட்டால் எடுத்துத் தரத் தெரிந்த கடைக்காரருக்கு இந்த 0.35 மில்லிமீட்டர் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன். பெரிய ரூட்டர் வாங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 12 மில்லிமீட்டர் வேறு, அரை இஞ்சு என்னும் 12.7 வேறு.

நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-ல்தான் மெட்ரிக் அளவுச் சட்டமும் வந்தது. இன்றும் மரத்தைக் கன அடியிலும் பிளைவுட்டை அடியிலும் மில்லிமீட்டரிலும் கலந்து வாங்குகிறோம். அதில் யாருக்கும் காயம் படுவதில்லை. காலெட்டில் அந்தக் கலப்பு ஆகாது. கடையிலேயே வெர்னியர் அளவுகோலை வைத்துத் தண்டை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளந்து காட்ட மனமில்லாதவரிடம் பிட் வாங்காதீர்கள்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. அந்த மெஷினுக்குக் கால் இஞ்சு காலெட் தனியாகக் கிடைக்கும் என்றால் அதை வாங்கிப் போடலாம். சில பெட்டிகளில் இரண்டு அளவும் சேர்ந்தே வரும், முதலில் பெட்டியை ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் பிட்டைத் திருப்பிக் கொடுங்கள். மெஷினைக் காட்டி, அதற்கு ஏற்ற பிட் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். பொருந்தாததைத் தந்தது கடையின் தவறு.

குடும்பத் தலைவர், கிருஷ்ணன்கோவில்: தள்ளுபடியில் 12 மில்லிமீட்டர் பிளஞ்ச் ரூட்டர் வாங்கி 14 மாதம் ஆகிறது. இப்போதுதான் பெட்டியைப் பிரித்தேன். சுவிட்ச் வேலை செய்யவில்லை. வாரண்டி கிடைக்குமா?

ஒரு வருட வாரண்டி பில் தேதியிலிருந்துதான் தொடங்கும், பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. வேலை என்னவென்று முடிவாகாமல், தள்ளுபடி என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியிருக்கிறீர்கள். வாங்கிய அன்று ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் மாற்றித் தந்திருப்பார்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிய பிறகே கழற்றச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், குளச்சல்: வீட்டிலிருந்தே மரத்தில் பெயர்ப்பலகை செய்து விற்கிறேன். ஒரு வருடம் சேர்த்த பணத்தில் ஆன்லைனில் ரூட்டர் வாங்கினேன். வந்தது பழைய மெஷின். காலெட்டில் கீறல், உள்ளே மரத்தூள். பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்பதால் பணம் தர முடியாது என்கிறார்கள். நான் ஏமாந்தது ஏமாந்ததுதானா அண்ணே?

இல்லை தங்கச்சி. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

பெட்டி பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் புகார் கொடுக்கலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வீடியோ ஒரு சாட்சி, அவ்வளவுதான். வேறு சாட்சியும் செல்லும். இனி அந்த மெஷினை ஓட்டாதீர்கள். காலெட்டின் கீறல், உள்ளே படிந்த தூள், வரிசை எண், பெட்டியின் ஒட்டுச்சீட்டு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கார்பன் பிரஷ்ஷை (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) கழற்றிப் பார்த்துத் தேய்மானம் இருந்தால் அதையும் எடுங்கள். பெட்டியின் வரிசை எண்ணும் மெஷினின் வரிசை எண்ணும் வேறாக இருந்தால் அதுவே பெரிய சாட்சி.

பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.

இது உங்கள் பிழைப்புக்கான கருவி என்பதால் "வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல" என்று யாராவது சொல்லிப் பார்ப்பார்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. புகாரில் அந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

வாசகர், திங்கள்சந்தை: பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதத்தைக் கழித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பில் இல்லையென்றால் வாரண்டி கேட்க முடியாது, அந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதற்கே சாட்சி இல்லை. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிகம். திருப்பிக் கொடுக்கக் கால அளவு பில்லில் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு.

தோட்டத் தொழிலாளி, குலசேகரம்: ரப்பர் மரப் பலகையில் ஓரம் உருட்டினால் கருகிப் போகிறது. மெஷின் கோளாறா?

மெஷின் கோளாறாக இருக்காது. பிட்டை ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள், அல்லது பிட் மழுங்கியிருக்கிறது, அல்லது முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கிறீர்கள். இரண்டு மூன்று ஓட்டமாகப் பிரியுங்கள். கடைசி ஓட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்து, நிற்காமல் ஓட்டுங்கள். பிட்டில் பிசின் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். பேரிங்கை மட்டும் அதில் ஊறப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

பிட் பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும். 50 மில்லிமீட்டர் அகலப் பிட்டை 30,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்தப் பிட்டெல்லாம் சின்ன ட்ரிம்மரில் மாட்டவே கூடாது.

இன்னொன்று. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சி சீக்கிரம் துளைக்கும். போரான் மருந்து ஏற்றி உலர்த்திய பலகையா என்று மில்லில் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரி மாணவர், அருமனை: பலகை ஓரத்தில் ஓட்டும்போது மெஷின் கையை விட்டுப் பாய்ந்தது. ஏன்?

தப்பான திசையில் ஓட்டியிருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. பலகையின் வெளி ஓரத்தில் அதற்கு எதிர்ச்சுற்றாகப் போக வேண்டும். அதாவது உங்கள் பக்கம் உள்ள கிட்டத்து ஓரத்தில் இடமிருந்து வலம். பிரேமின் உள் ஓரத்தில் கடிகாரச் சுற்றிலேயே போக வேண்டும். மாற்றிப் போனால் பிட் மரத்தில் ஏறி ஓடும். பலகையை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்காமல் இனி சுவிட்சைத் தொடாதீர்கள்.

வாசகி, வில்லுக்குறி: கத்தாரிலிருந்து வரும் என் தம்பியிடம் ரூட்டர் வாங்கி வரச் சொல்லலாமா? அங்கே விலை குறைவாம்.

மின்சாரத்தில் பிரச்சனை இல்லை. தகட்டில் 220-240 வோல்ட் என்று இருந்தால் இங்கே ஓடும். பிளக்கின் பட்டைக் கம்பிகள் நம் சாக்கெட்டில் போகாது, மாற்ற வேண்டும். அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா, அதே மாடலின் காலெட்டும் கார்பன் பிரஷ்ஷும் இங்கே கிடைக்குமா என்று நாகர்கோவிலில் ஒரு கடையில் விசாரித்த பிறகு பணம் அனுப்புங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் மெஷின் என்றால் வேண்டவே வேண்டாம்.

வாசகர், பூதப்பாண்டி: மூடப்போகும் பட்டறையில் பழைய ரூட்டர் பாதி விலைக்கு வருகிறது. 35 பிட் பெட்டியும் தருகிறார்கள். எடுக்கலாமா?

நானும் இப்படி ஒன்று எடுத்தேன். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கொடுத்தேன். அப்பா நட்ட அயனி மரத்தை அறுத்துக் காயவைத்திருந்த பலகையில் முதல் காடி எடுத்தபோது, நேராகப் போக வேண்டியது அலை அலையாக வந்தது. சுழல்தண்டின் பேரிங் ஆட்டம். அதே மாதம் மலிவாக வாங்கிய பிட் பெட்டியில் ஒரு பிட்டின் கார்பைடு முனை பலகைக்குள்ளேயே உடைந்து நின்றது. அந்த மரத்தில் வேறு பலகை என்னிடம் இல்லை.

ஆகவே பிளக்கை உருவிவிட்டுக் காலெட் நட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கீறலோ துருவோ இருக்கிறதா? சுழல்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் துளி அசைவும் இருக்கக் கூடாது. கையால் சுற்றினால் கரகரக்கக் கூடாது. பிறகு ஓட்டச் சொல்லி, காற்றோட்டத் துளை வழியே பொறி வட்டமாகப் பறக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் மெஷினை எடுங்கள். பிட் பெட்டி வேண்டாம், அதற்கான பணத்தைக் கழித்துக் கேளுங்கள்.