வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பணியை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

தமிழ்நாட்டின் வேலைவாய்ப்பு அலுவலகங்களால் இன்றைக்கும் பயன் உண்டா, அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்பதை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு என்றே உறுதியாகச் சொல்வேன். ஆனால் பதிவு செய்தோர் எத்தனை பேர், வேலைவாய்ப்பு முகாமில் பணி ஆணை பெற்றோர் எத்தனை பேர் என்ற கணக்கு அந்தப் பயனைக் காட்டாது. வேலை கேட்டு வருபவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச அங்குள்ள அலுவலருக்கு நேரமும் பயிற்சியும் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த அமைப்பு 1945இல், போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காகத் தொடங்கப்பட்டது. 1948இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தனியார் நிறுவனங்கள் காலிப்பணியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்றதே தவிர, அலுவலகம் பரிந்துரைத்தவரையே எடுக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அரசுப் பணிகளுக்கும் பரிந்துரைப் பட்டியல் மட்டும் போதாது, செய்தித்தாளிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கூறிய பிறகு, பதிவு மூப்பை, அதாவது யார் முதலில் பதிவு செய்தார் என்ற வரிசையை, மட்டுமே நம்பியிருந்த காலம் கரையத் தொடங்கியது. ஆகவே, தொழிற்சாலைகளுக்கு நேரில் போய் அவர்களுக்கு எப்படிப்பட்ட ஆள் தேவை என்று கேட்டறியும் அலுவலர்தான் இந்தச் சேவையின் உயிர் என்று நினைக்கிறேன்.

நான் பதிவு செய்த நாளில் காலை ஏழு மணிக்கே வரிசை தெருவரை நீண்டிருந்தது. அட்டையில் முத்திரை வாங்கியதோடு என் வேலை முடிந்துவிட்டது, என்ன வேலை செய்ய விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது பதிவும் புதுப்பித்தலும் இணையத்தில் நடக்கின்றன. அதனால் மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்பதுதான் எனக்குக் கவலை. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் தரும் உதவித்தொகைத் திட்டத்தின் விண்ணப்பங்களையும், ஆண்டுதோறும் வரும் சுய உறுதிமொழிப் படிவங்களையும் சரிபார்ப்பதிலேயே ஊழியரின் பல நாட்கள் கழிகின்றன. அந்த உதவி தேவையானதுதான். அதற்குத் தனி ஆள் வேண்டும்.

என் அக்கா மகளை ஒரு தனியார் துறை முகாமுக்கு அழைத்துச் சென்றேன். மேசையில் இருந்தவர் படிப்பை மட்டும் கேட்டுவிட்டு அன்றே பணி ஆணையைக் கொடுத்தார். இரவுப் பணி, அறுபது கிலோமீட்டர் தொலைவு, தங்க விடுதி இல்லை என்பதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பதினைந்து நாளில் திரும்பி வந்துவிட்டாள். அலுவலகத்திலிருந்து யாரும் அவளை அழைத்து விசாரிக்கவில்லை, எனவே அந்தப் பதிவேட்டில் அவள் இன்றும் வேலை பெற்றவள்தான். உங்கள் மாவட்ட அலுவலகத்தை மதிப்பிட விரும்பினால், முகாமில் ஆணை பெற்றவர்களில் ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்; அதைத் தொலைபேசியில் விசாரித்துக் குறித்துவைக்கும் பொறுப்பு எந்த ஊழியருக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.