வாசகர் கேள்வி – பதில்: இணையத்தளங்களின் புதிய அறிவித்தல்களை அறிய ஒரு வழி

கேள்வி: பல்கலைக்கழக அனுமதி, பதவி வெற்றிடம், விவசாயம் ஆகியவை தொடர்பான அறிவித்தல்களை மாணவர்களுக்கும் அயலவர்களுக்கும் சொல்வதற்காக நாள்தோறும் ஏழெட்டு இணையத்தளங்களைக் கைத்தொலைபேசியில் திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் புதிதாக எதுவும் இருப்பதில்லை. டேட்டா மட்டும் தீர்ந்துவிடுகிறது. முகநூலில் பின்தொடர்ந்தால், முடிவுத் திகதி கடந்த பின்னரே சில அறிவித்தல்கள் கண்ணில் படுகின்றன. வேறு வழி உண்டா?
– ஆசிரியை ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: உண்டு. செய்தியோடை எனவும் ஆர்.எஸ்.எஸ். எனவும் அழைக்கப்படும் இந்த ஏற்பாடு 1999ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தொடங்கியது. ஓர் இணையத்தளம் புதிதாக வெளியிடும் ஒவ்வொன்றினதும் தலைப்பு, திகதி, இணைப்பு, சுருக்கம் ஆகியவற்றை, படங்களும் விளம்பரங்களும் நிறைந்த பக்கத்துக்குப் புறம்பாக, ‘ஓடை’ எனப்படும், வெறும் எழுத்தாலான ஒரு சிறு கோப்பிலும் பதிந்து வைக்கிறது. ஓடை வாசிப்பான் என்னும் செயலி அக்கோப்பை மட்டும் இடையிடையே பார்த்து, புதியவற்றைத் திகதி வரிசையில் உங்களுக்குத் தருகிறது. கோப்பு மாறாதிருந்தால், முறையாக அமைக்கப்பட்ட வழங்கி (தளத்தை வைத்திருக்கும் கணினி) ‘மாற்றமில்லை’ எனப் பொருள்படும் 304 என்ற குறியீட்டை மட்டும் திருப்பி அனுப்புமாதலால், டேட்டா மிகச் சொற்பமாகவே செலவாகும். எதை உங்களுக்கு முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்று முகநூலைப் போலத் தீர்மானிப்பவர் எவரும் இடையில் இல்லை.

வாசிப்பான்கள் இரு வகைப்படும். ஒரு வகை கைத்தொலைபேசியிலிருந்தே தளங்களைத் தேடிச் செல்லும். பீட்லி, இனோரீடர் போன்ற மற்றைய வகை தமது வழங்கியில் ஓடைகளைச் சேகரித்து வைத்து, நீங்கள் இணையும்போது தரும். வன்னியில் இருப்போருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஓடையில் பழையவை நெடுநாள் தங்குவதில்லை. வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்கும் தளமொன்றில், அமைப்பை மாற்றாவிட்டால், இறுதியாக வந்த 10 பதிவுகளே இருக்கும். மாரி மழையில் மின்சாரமும் சிக்னலும் சில நாட்கள் இல்லாமற்போனால், அந்த இடைவெளியில் வந்து போனவை முதல் வகைச் செயலியில் உங்களுக்குத் தெரியாமலே போய்விடக்கூடும்.

தளத்தின் முகவரியை வாசிப்பானில் இட்டால், ஓடை இருக்குமிடத்தைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். நாளொன்றுக்கு ஐம்பது செய்தி வெளியிடும் தளங்களைச் சேர்க்காதீர்கள். மாதத்தில் ஓரிரு முறை மட்டும் புதுப்பிக்கப்படும் தளங்களுக்குத்தான் இந்த முறை உண்மையில் பயன்படும், ஏனெனில் நாம் போய்ப் பார்க்க மறப்பவை அவையே. எல்லாத் தளங்களும் ஓடை வழங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், பதவி வெற்றிடங்கள் பல வெளியாகும் அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருவதால், அதற்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினாற் போதும். அதிவிசேட வர்த்தமானிக்கு மட்டும் நாள் வரையறை இல்லை. முடிவுத் திகதியை எப்போதும் மூல அறிவித்தலைத் திறந்தே உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் ஓடையிலுள்ள சுருக்கத்தில் அது இடம்பெறாதிருக்கலாம்.

கேள்வி: கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு இந்த முறை வழக்கொழிந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்?
– வாசகர், வவுனியா

பதில்: 2013 ஜூலை 1ஆம் திகதி மூடப்பட்டது ஒரு வாசிப்பான் மட்டுமே, ஓடைகள் தளங்களிலேயே இருந்தன, இன்றும் இருக்கின்றன. 2018 டிசம்பரில் பயர்பொக்ஸ் உலாவியும் தன்னிடமிருந்த ஓடை வசதியை நீக்கியதால் அவை பலர் கண்ணிலிருந்து மறைந்தன என்பது உண்மையே. ஆனால் ஒலித்தொடர்களான பொட்காஸ்ட்டுகள் இன்றும் இதே முறையிற்றான் விநியோகிக்கப்படுகின்றன. யூரியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு. நீங்கள் தெரிவுசெய்யும் வாசிப்பானும் ஒருநாள் மூடப்படலாம். ஆகவே, சந்தாப் பட்டியலைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி அதில் உண்டா என்று முதலிலேயே பாருங்கள். அந்தக் கோப்பு கையிலிருந்தால் வேறொரு வாசிப்பானுக்குச் சில நிமிடங்களில் மாறிவிடலாம்.