ஆட்டோஇம்யூன் நோய்கள் பெண்களுக்கே ஏன் அதிகம்? – கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. லூபஸ் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு இருக்கிறது. என்னால்தான் அவளுக்கு வந்ததா?

பதில்: இல்லை அம்மா. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். லூபஸ், ஹாஷிமோட்டோ இரண்டுமே ஆட்டோஇம்யூன் நோய்கள்; அதாவது, உடலின் நோய் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய்கள். ஹாஷிமோட்டோவில் தைராய்டு தாக்கப்படுகிறது; லூபஸில் தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகள். உங்களிடமிருந்து அவளுக்குப் போயிருப்பது நோயல்ல, நோய்க்கு இடம்கொடுக்கக்கூடிய சில மரபணுக்கள். அவள் அப்பாவின் பங்கும் அதில் உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தாலும், பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை. மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருந்துமே இப்படித்தான்.

கேள்வி: பெண்களுக்கு இந்த நோய்கள் அதிகம் வர ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தானே காரணம்?

பதில்: அதற்கும் பங்கு உண்டு. ஆனால் பூப்படையாத சிறுமிகளிடமும் லூபஸ் பையன்களைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. அப்புறம், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் எக்ஸ் என்பது பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று. ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறந்த ஆண்களுக்கு லூபஸ் ஆபத்து ஏறக்குறைய பெண்களின் அளவுக்கு உயர்கிறது. இதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த தகவல்.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைந்துவிடும். மரபியல் விஞ்ஞானி மேரி லயன் 1961-இல் சொன்னது இது. ஆனால் முழுதாக அணையாது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் டிஎல்ஆர்7 போன்ற சில மரபணுக்கள் தப்பித்து வேலை செய்கின்றன. அணைக்கும் வேலையைச் செய்யும் 'சிஸ்ட்' என்ற ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறு) மீதும் சந்தேகம் இருக்கிறது. அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் புரதங்களையே உடல் எதிரியாக நினைத்துவிடலாம். 2024-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் சாதாரணமாக சிஸ்ட் இயங்காத ஆண் எலிகளில் அதை இயங்கவைத்து, லூபஸைத் தூண்டும் பொருளையும் செலுத்தினார்கள். எளிதில் நோய்ப்படும் எலி வகையில், பெண் எலிகளுக்கு நெருக்கமான அளவில் நோய் வந்தது. தூண்டுதல் இல்லாமல் சிஸ்ட் மட்டும் போதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்). நான் இப்போதே மரபணு டெஸ்ட் எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். அந்த நோயோடு சேர்த்துப் பேசப்படும் எச்எல்ஏ என்ற நோய் எதிர்ப்பு மரபணு வகைகள் நோயே வராத ஏராளமானோரிடமும் இருக்கின்றன. காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால், வீக்கம் வாரக்கணக்கில் நீடித்தால், வாதநோய் மருத்துவரிடம் போங்கள். புகைபிடிக்காமல் இருங்கள்; முடக்குவாத ஆபத்தைக் கூட்டும் பழக்கம் அது.

கேள்வி: எனக்கு லூபஸ். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: பெரும்பாலோர் பெற்றுக்கொள்ளலாம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும் நேரமாகத் திட்டமிடுங்கள். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுத்தால், கர்ப்பம் என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆன்ட்டி-ரோ என்ற ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அது பாசிட்டிவ் என்றால், கருவின் இதயத்துடிப்பைக் கண்காணிக்க வேண்டியிருக்கும்.