ஏல வண்டியில் லாபம் இருக்கிறது, கையில் காசு இல்லை: ஏன்?

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஃபைனான்ஸ் கம்பெனிகள் சீஸ் செய்து யார்டில் (நிறுத்திவைக்கும் இடத்தில்) போட்டிருக்கும் பைக்குகளை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து விற்கிறார். சித்தப்பாவிடம் 3 லட்சம், மூணு வட்டிக்கு. 'வண்டிக்கு 14,000 வரை லாபம் வருகிறது. ஆனாலும் மாத வட்டி 9,000 கட்டத் திணறுகிறேன். ஏழு வண்டி வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது, அதில் நாலுக்குப் பேப்பர் வரவில்லை. பணத்தைச் சும்மா வைக்காதே, அடுத்த லாட்டை (மொத்தமாக ஏலம் விடும் வண்டிகளை) எடு என்கிறார் சித்தப்பா. ஆப்பில் 5 லட்சம் பிசினஸ் லோன் தருகிறார்கள், வாங்கலாமா?'

வேண்டாம். வண்டி பார்க்கத் தெரிந்தவர் நீங்கள், அதைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. உங்கள் சிக்கல் வேறு. வட்டி ஓடுகிறதே என்ற பதற்றத்தில், பழையது விற்கும் முன்பே அடுத்த ஏலத்துக்குப் போகிறீர்கள்.

அந்த 14,000 எப்படி வந்தது? 32,000க்கு எடுத்து 46,000க்கு விற்றதில் கழித்துப் பார்த்தது. நடுவில் போனதை உங்கள் கடிதத்திலிருந்தே கூட்டினேன். யார்டு வாடகை 1,000, வண்டி ஏற்றிவர 800, பேட்டரி 1,400, பின் டயர் 1,900, ஆயில் மாற்றிச் சர்வீஸ் 1,500, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 850, சாவி இல்லாததால் புது லாக் செட் 600, ஆர்டிஓ செலவும் புரோக்கரும் 2,500. மொத்தம் 10,550. ஆக அடக்கம் 42,550, மிச்சம் 3,450. இந்த அடக்கத்துக்கு மூணு வட்டி மாதம் சுமார் 1,275. மூன்று மாதம் நின்றால் 3,800க்கு மேல். 14,000 லாபம் என்று எழுதிய வண்டியில் 375 ரூபாய் நட்டம்! அதே பணம் பேங்க் நகைக் கடனில், நூற்றுக்கு ஒரு ரூபாய் அளவில் வந்திருந்தால், மூன்று மாதத்துக்குப் பிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் நின்றிருக்கும்.

நிற்க நிற்க வண்டியும் கெடும். டாங்கில் பழைய பெட்ரோல் பிசினாகிப் பழைய மாடலில் கார்புரேட்டரை அடைக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் ஃபியூவல் பம்ப் போனால் செலவு ஆயிரங்களில். போட்ட புது பேட்டரியும் சார்ஜ் ஏறாமல் கிடந்தே செத்துப்போகும்.

அந்த ஆப் கடனையும் பார்த்துவிடுவோம். 18 சதவீதம் ஃப்ளாட் (அசல் குறையக் குறையவும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி), 24 மாதம் என்கிறீர்கள். பிராசசிங் ஃபீஸ் 3 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து 17,700 பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள். தவணை மாதம் 28,333. குறையும் பாக்கிக் கணக்கில் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டும். முதல் தவணை அடுத்த மாதமே வரும், உங்கள் வண்டியோ மூன்றாம் மாதம்தான் விற்கிறது. ஃபோனில் பத்து நிமிடத்தில் கிடைப்பது தவிர இதில் என்ன சிறப்பு என்று எனக்குப் புரியவில்லை.

ஏழும் போகும்வரை எந்த யார்டுக்கும் டெபாசிட் கட்டாதீர்கள். பேப்பர் உள்ள மூன்றையும் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்தாவது இந்த மாதமே தள்ளிவிடுங்கள். வரும் பணம் முழுக்கச் சித்தப்பாவின் அசலுக்கு. அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: 'அசலைக் குறைச்சுட்டு வர்றேன் சித்தப்பா, லாட் எப்ப எடுக்கணும்னு நான் பாத்துக்கறேன்.' வருத்தப்படுவார்தான். மாதம் 9,000 நின்றால் யாருக்கும் வருத்தம் இருக்கும்.

மற்ற நாலுக்கும் ஏல ரசீது, பணம் கட்டிய சான்று, வண்டியை எடுத்துப்போகத் தந்த ரிலீஸ் ஆர்டர் மூன்றையும் இணைத்து ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். கடன் நீக்கத்துக்கான படிவம் 35, தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கான 29, 30 வேண்டும். கம்பெனி முதலில் ஆர்சியைத் தன் பெயருக்கு மாற்றித்தான் தரும் என்றால் அது படிவம் 36, அதற்கு நாள் பிடிக்கும். இனி இதை ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். இருக்கும் நிலையில் எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. பரிவாகன் தளத்தில் பாக்கி செல்லானையும் பார்த்துவிடுங்கள்.

மறுபடி ஏலத்துக்குப் போகும்போது விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 46,000க்குப் போகும் வண்டி என்றால் செலவு 10,550, உங்களுக்கு 5,000. 30,000க்கு மேல் கேட்காதீர்கள். லாட்டாகத்தான் தருவோம் என்றால், ஓடாத வண்டிகளுக்குக் காயலான் கடை விலை போட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியானால் எடுக்கலாம்.

இந்தத் தொழிலைத் தொடர்வதானால் ஆர்டிஓவில் பழைய வண்டி டீலர் அங்கீகாரம் வாங்கிவிடுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அந்த விதி இருக்கிறது, படிவம் 29ஏ-வில் விண்ணப்பிக்க வேண்டும், அங்கீகாரம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இரண்டு வண்டியை 'ஓப்பன் ஃபார்ம்' (வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவம்) கொடுத்து விற்றதாக எழுதியிருக்கிறீர்களே, வாங்கியவர்களை இந்த வாரமே கூப்பிட்டுப் பெயர் மாற்றத்தை முடியுங்கள். அதுவரை, வண்டி ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய ரசீதில் அவர்கள் கையெழுத்தும் ஆதார் நகலும் உங்களிடம் இருக்கட்டும். அந்த வண்டி விபத்தில் சிக்கினால் போலீஸ் ஆர்சியில் உள்ள பெயரில் தொடங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி வழியாக உங்களிடம்தான் வரும்.