ஹொனலுலுவில் நினைவு நாள்: அம்மாவுடன் எங்கே போகலாம்?

போரில் இறந்த வீரர்களுக்கான அமெரிக்க நினைவு நாளன்று ஹவாயின் தலைநகர் ஹொனலுலுவில் எங்கே போகலாம் என்று கேட்டீர்கள். வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள், கார் கிடையாது, கையில் மே கடைசித் திங்கட்கிழமை ஒரே நாள் என்கிறீர்கள். அப்படியானால் பேர்ல் ஹார்பரை இந்தமுறை விட்டுவிடுங்கள். 1941 தாக்குதலில் அங்கே மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவிடத்துக்குப் படகில்தான் போக வேண்டும், இணையத்தில் முன்பதிவு செய்வதும் நல்லது. கைப்பை கொண்டுபோக விடமாட்டார்கள்.

காலையில் டாக்சி பிடித்து பஞ்ச்போல் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் 1949இல் திறந்த இடம் அது. அன்று ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு சிறு கொடியும் லேய் என்கிற ஹவாய்ப் பூமாலையும் இருக்கும். பிள்ளைகளுக்குப் பார்த்தாலே புரியும், விளக்கம் வேண்டாம். இரண்டாம் உலகப் போர்ச் செய்தியாளர் எர்னி பைலும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நிழல் குறைவு, அம்மாவுக்குக் குடை அவசியம்.

மதியம் ஓய்வு. சாயங்காலம் அலா மோவானா கடற்கரை. ஷின்யோ-என் என்ற ஜப்பானிய பௌத்த அமைப்பு, இறந்தவர்கள் நினைவாகக் கடலில் விளக்கு மிதக்கவிடும் நிகழ்ச்சியை அங்கே நடத்துகிறது. போர்வீரர்களுக்கு மட்டுமில்லை, மறைந்த உங்கள் அப்பாவுக்கும் விளக்கு விடலாம். கூட்டம் பயங்கரமாக இருக்கும், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே பாய் விரித்து இடம் பிடித்துவிடுங்கள். அப்புறம், விளக்குகள் கடலில் குப்பையாகாது, திரும்ப எடுத்துவிடுவார்கள். அம்மா கண்டிப்பாகக் கேட்பார்.