கேள்வி-பதில்: 8 மணி நேரம் எப்படி 24 ஆகிறது?

கேள்வி: வேறு வேறு நாட்டில் இருக்கும் இரண்டு சின்ன ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினேன். 6,400 கி.மீ., விமானத்தில் 8 மணி நேரம் என்று வந்தது. டிக்கெட் தேடினால் 24 மணி நேரத்துக்குக் குறைந்து ஒன்றுமே இல்லை. எது பொய்?

பதில்: இரண்டும் பொய் இல்லை. ஆனால் அந்த 8 மணி நேரம், இல்லாத ஒரு விமானத்துக்குப் போட்ட கணக்கு. இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய தூரத்தைக் கண்டுபிடித்து, அதை மணிக்கு 800 கி.மீ. என்பதுபோல ஒரு வேகத்தால் வகுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் ரன்வே இருக்கிறதா, நேரடி விமானம் உண்டா என்றெல்லாம் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

நிஜத்தில் சின்ன ஊரிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் புரொப்பெல்லர் விமானம், வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. தான். அதில் ஒன்றேகால் மணி நேரம் பறந்து பெரிய நகரத்துக்குப் போய், அங்கே 5 மணி நேரம் உட்கார்ந்து, அடுத்த விமானத்தில் 9 மணி நேரம், இறங்கிய இடத்தில் இன்னொரு ஏழரை மணி நேரக் காத்திருப்பு, கடைசியாக மறுபடி ஒரு குட்டி விமானத்தில் ஒன்றேகால் மணி. கூட்டிப் பாருங்கள், 24. இதில் பறப்பது பதினொன்றரை மணி நேரம்தான், மீதியெல்லாம் நாற்காலியில்! அதனால் தூரத்தை விட்டுவிட்டு, எந்த ஊரில் மாறுகிறீர்கள், அங்கே எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அதிகத் தூரம் சுற்றும் வழிகூடச் சில சமயம் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கேள்வி: கிழக்கே போகும்போது சீக்கிரம் போய்விடுகிறோம், திரும்பும்போது நேரம் பிடிக்கிறதே, பூமி சுழல்வதாலா?

பதில்: நேரடியாக அதனால் இல்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்றுதான் காரணம். 2020 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது இந்தக் காற்றின் தயவில்தான், வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும்.

கேள்வி: டிக்கெட்டில் இரவு 10 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் காலை 9:30க்கு வருகை என்று இருக்கிறது. பதினொன்றரை மணி நேரமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தந்த ஊர் கடிகாரப்படி போட்ட நேரம் அது. போகும் ஊர் 5 மணி நேரம் முன்னால் இருந்தால், பயணம் ஆறரை மணி நேரம்தான். அதிலும் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை சேர்த்துத்தான் எழுதுவார்கள், வானத்தில் இருப்பது இன்னும் குறைவு. அப்புறம் ஒன்று, இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் எல்லாம் ஒரே டிக்கெட்டில் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பொதுவாக யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், புது டிக்கெட் காசு உங்கள் கையை விட்டுத்தான்.